வாட்ஸ் வேணாம்ணே, நம்பர் குடுங்க

ஹார்ன் பெட்டி அடிக்கலாம்னு பன்னெண்டு இன்ச் ஸ்பீக்கர் டிரைவர் (பெட்டி இல்லாத வெறும் ஸ்பீக்கர்) ரெண்டு வாங்கிட்டு வந்து மூணு வாரம் ஆச்சு, இன்னும் ஒரு பலகைகூட அறுக்கல. காந்தத்து மேல பெருசா 600 வாட்ஸ்னு ஸ்டிக்கர், அவ்ளோதான். எஃப்எஸ் (எத்தனை ஹெர்ட்ஸ்ல தானா அதிரும்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்ளோ சீக்கிரம் அடங்கும்), பிஎல் (காந்தத்தோட பலம்), இப்படி பெட்டி அடிக்கத் தேவையான நம்பர் எதுவும் பெட்டியிலயும் இல்ல, அவங்க வெப்சைட்லயும் இல்ல. கடையில கேட்டா "ஆயிரம் வாட்ஸ்லயும் இருக்கு தம்பி, அத எடுத்துக்கோ"ங்கிறார். கம்பெனிக்கு போன் போட்டா "எந்தப் பெட்டியிலயும் செட் ஆகும் சார்"னு வச்சிட்டாங்க.

எந்தப் பெட்டியிலயும் எப்படிய்யா செட் ஆகும்? சாதா மூடுன பெட்டின்னா கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் பஞ்சு அடைச்சு சமாளிக்கலாம், ஹார்ன் அப்படியா? அது குறுகலா ஆரம்பிச்சு போகப் போக விரியுற குழாய். தொண்டை, அதாவது டிரைவர் பக்கத்து முனை, எவ்ளோ குறுகலா இருக்கணும், பின்னாடி அறை எத்தனை லிட்டர், எல்லாமே அந்த காந்தத்தோட பலத்தையும் கோனோட (முன்னாடி அதிருற கூம்போட) எடையையும் வச்சுத்தான் வரும். ஹார்ன் கணக்கு போடுற ஹார்ன்ரெஸ்ப் சாஃப்ட்வேர தொறந்தா எஸ்டி (கோனோட பரப்பு), பிஎல், சிஎம்எஸ் (கோன் எவ்ளோ லேசா அசையும்), எம்எம்டி (கோனோட எடை)ன்னு அதத்தான் கேக்குது, ஒவ்வொரு கட்டத்துலயும் நான் ஊகமாவா போடுறது?

40 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலை நீளம் 8.6 மீட்டர். அதுல கால்வாசி, 2.15 மீட்டர் பாதையாவது பெட்டிக்குள்ள மடிச்சு மடிச்சு கொண்டுவரணும். வெட்டவெளியில வச்சா வாயோட, அதாவது சத்தம் வெளிய வர்ற முனையோட, சுற்றளவே 8.6 மீட்டர் வேணும், ரெண்டு முழு பிளைவுட் ஷீட் பரப்புக்கு வாய்! ரூம் மூலையில வச்சா செவுரும் தரையும் ஹார்னோட வேலைய பாத்துக்கும், எட்டுல ஒரு பங்கு, அதாவது கால் ஷீட் போதும். அமெரிக்காவுல ஸ்பீக்கர் செஞ்ச பால் கிளிப்ஷ் 1940கள்ல மூலைக்குப் போனது இதுக்குத்தான். ஆனா மடிப்பெல்லாம் ஒட்டி ஸ்க்ரூ அடிச்ச அப்புறம் தொண்டை தப்புன்னு தெரிஞ்சா ஒடைக்கிறத தவிர வழியே கிடையாது. (18 எம்எம்னு தர்ற பிளைவுட் காலிப்பர்ல 16.4 காட்டுது, அது தனி வயித்தெரிச்சல்.)

சரின்னு நானே அளந்தேன். ரெசிஸ்டர், லேப்டாப், நகை தராசுல நிறுத்த 20 கிராம் களிமண்ணு. சும்மா இருக்கும்போது 48 ஹெர்ட்ஸ்ல அதிருது, களிமண்ண கோன்ல ஒட்டுனா 40. 48-ஐ 40-ஆல வகுத்து, அத வர்க்கமாக்கி, ஒண்ண கழிச்சா 0.44. 20 கிராம அதால வகுத்தா கோனோட எடை 45 கிராம் சொச்சம். கேளுங்க, ஒரு ராத்திரி வேலை! டிரைவர் செய்யுற கம்பெனியில இதுக்கு ஆள் இல்லையா, மெஷின் இல்லையா? இந்த மாதிரி நம்பர்கள வச்சு பெட்டி அடிக்கிற கணக்க ஆஸ்திரேலிய இன்ஜினியர் நெவில் தீல் எழுதி வச்சது 1961லங்க.

அப்புறம் ரெண்டாவது பீஸ அளந்தா, அதே மாடல், அதே ஸ்டிக்கர், 57 ஹெர்ட்ஸ். இந்த ரெண்டயும் லெஃப்ட் ரைட்னு வச்சு ஒரே வரைபடத்துல எப்படி பெட்டி அடிக்கிறது? மாத்திக் குடுங்கன்னு கேட்டா "சத்தம் வருதுல்ல"ங்கிறாங்க. சத்தம் வருது, அதுக்கா நான் ரெண்டு மாச காச சேத்து வச்சு வாங்குனேன்?