வான்ஸ்டெட் மாளிகையும் அதைத் தின்ற மருமகனும்

கிழக்கு லண்டனில் இருந்த வான்ஸ்டெட் மாளிகை இடிபட்ட வரலாற்றை, சொத்தைத் தொலைத்த ஓர் ஊதாரி மருமகனின் கதையாகவே பெரும்பாலும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பொய்யல்ல; பாதிக் கதை.

அந்த எஸ்டேட்டை 1673-இல் வாங்கியவர் ஜோசையா சைல்ட். கடற்படைக்குச் சரக்கு விற்றுப் பொருள் சேர்க்கத் தொடங்கியவர், பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராகி, அதைத் தன் சொந்தக் கடையைப் போல நடத்தினார். 1688-இல் சென்னை மாநகராட்சி பிறந்ததும் அவருடைய யோசனையால்தான். ஊர்க்காரர்களையே மன்றத்தில் உட்கார வைத்தால் முணுமுணுக்காமல் வரி கட்டுவார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. (மாநகராட்சியின் தொன்மையைக் கொண்டாடும் மேடைகளில் இந்தக் கணக்கு மட்டும் ஏனோ யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.) 1683-இல் வான்ஸ்டெட்டைப் பார்த்த ஆங்கில எழுத்தாளர் ஜான் ஈவ்லின், வால்நட் மரங்களுக்கும் மீன்குளங்களுக்கும் சைல்ட் கொட்டிய பணத்தைக் கண்டு, திடீர்ப் பணக்காரர்கள் இப்படித்தான் பொட்டல் நிலத்தில் போய்க் குடியேறுவார்கள் என்று தம் நாட்குறிப்பில் முகம் சுளித்தார்.

சைல்டின் மகன் ரிச்சர்ட், காலின் கேம்ப்பெல் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு, 1715 வாக்கில் புதிய மாளிகையைத் தொடங்கினார். ஏறத்தாழ 260 அடி நீள முகப்பும் ஆறு பெருந்தூண்கள் தாங்கிய முன்மண்டபமும் கொண்ட அந்த வடிவம், பிறகு எழுந்த பல பிரபுக்களின் வீடுகளுக்கு முன்மாதிரியானது.

சைல்ட் குடும்பச் சொத்துக்கு வாரிசான கேதரின், பின்னாளில் நான்காம் வில்லியம் மன்னரான கிளாரன்ஸ் கோமகன் பெண் கேட்டும் இணங்காமல், 1812-இல் வில்லியம் வெல்லஸ்லியை மணந்தார். பத்தே ஆண்டுகளில் வீட்டுப் பொருள்கள் 32 நாள் ஏலத்தில் போயின. கடன்காரர்களுக்கு அஞ்சி வெல்லஸ்லி பிரான்சுக்கு ஓடினார். மாளிகையே வெறும் கல்லாகவும் மரமாகவும் 10,000 பவுண்டுக்கு விலைபோனது. இடிப்பு வேலை முடிந்த 1825-ஆம் ஆண்டிலேயே கேதரினும் இறந்தார்.

அந்த மருமகன் யார் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபோதும், 1801-இல் கர்நாடக (ஆற்காடு) நவாபின் நாடு கம்பெனியிடம் கைமாறியபோதும் கம்பெனியின் தலைமை ஆளுநராக இருந்த ரிச்சர்ட் வெல்லஸ்லியின் தம்பி மகன் அவர். கம்பெனித் தலைவரின் குடும்பம் கட்டியதைக் கம்பெனி ஆளுநரின் குடும்பம் தின்று தீர்த்தது. கட்டடக் கலைக்கு நேர்ந்த இழப்பு என்று வருந்துவோரோடு நானும் வருந்துகிறேன்; ஆனால் அந்தத் தூண்களை நிறுத்திய பணத்தில் எவ்வளவு கடல் கடந்து வந்தது என்ற கேள்வியை விட்டுவிட்டு வருந்த என்னால் முடியவில்லை.

மாளிகை நின்ற இடம் இப்போது கோல்ஃப் மைதானத்தில் ஒரு பள்ளம். அதன் குதிரை லாயங்கள் அந்தக் கிளப்பின் கட்டடமாகிவிட்டன.