ஒண்டரை முழ ராச்சியம்

(யாழ்ப்பாணம், கோண்டாவிலில் ஒரு ஒழுங்கை. கிடுகு வேலியைப் பிரித்துப் புதிதாக அடைக்கும் நாள். ஓய்வுபெற்ற சரித்திர மாஸ்டர் கையில் அலவாங்கு. வேலிக்கு அப்பால் பூமணி. மாஸ்டரிடம் பத்தாம் வகுப்புப் படித்தவர்; பிறகு தலை நரைக்கும்வரை ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதி டைப் அடித்தவர். இந்த இரண்டாவது விசயத்தை மாஸ்டர் யோசிக்காமல் விட்டதுதான் வினை.)

பூமணி: மாஸ்டர், வேலி பிரிச்சதோடை சந்தோசம். இனி வேலிக் கதியாலைப் பழைய இடத்திலை நடுங்கோ.

மாஸ்டர்: உதுதானே பிள்ளை பழைய இடம்.

பூமணி: பழைய இடத்திலை நிண்டிருந்தால் இந்தக் கறுத்தக்கொழும்பான் மாமரம் என்ர வளவுக்கை எல்லோ நிக்கோணும்? 2012இலை வேலி அடைக்கேக்கை ஒண்டரை முழம் அரக்கினியள்.

மாஸ்டர்: அரக்கினதெண்டு சொல்லாதை. வெற்றி கொண்டதெண்டு சொல்லு.

பூமணி: நான் சந்நிதிக்குப் போன நேரம் பாத்து அலவாங்கு போட்டது வெற்றியோ?

மாஸ்டர்: நீ வெற்றியைப் பிழையா விளங்கி வைச்சிருக்கிறாய். 1066இலை நோர்மண்டியிலை இருந்து வந்து இங்கிலாந்தைப் பிடிச்சானே வில்லியம், அவனை வெற்றிவீரன் வில்லியம் எண்டுதானே சொல்லுறது? பிளாக்ஸ்ரன் எண்ட சட்ட அறிஞர் என்ன சொன்னவர் தெரியுமோ? அந்தக் காலத்துக் காணிச் சட்டத்திலை "கொன்குவெஸ்ட்" எண்டால் அடிச்சுப் பறிச்சது இல்லை. பரம்பரையா வராமல் ஒருத்தன் தானாத் தேடினது. அவ்வளவுதான். ஸ்கொட்லாந்திலை 1874 வரைக்கும் காணி ரெண்டு வகை. வழிவழியா வந்தது ஒண்டு, கொன்குவெஸ்ட் மற்றது. பிள்ளை இல்லாமல் நடுவிலான் செத்தால் வழிவழி வந்த காணி தம்பிக்குப் போகும், தேடின காணி தமையனுக்குப் போகும்.

பூமணி: அட, முதுசமும் தேடியதேட்டமும்!

மாஸ்டர்: அதே! நான் படிப்பிச்ச பிள்ளை எல்லோ! அப்ப என்ர ஒண்டரை முழம் என்ன? தேடியதேட்டம்.

பூமணி: ஆறுதலா, ஆறுதலா. எங்கடை யாழ்ப்பாணத்து வழமைச் சட்டம், தேசவழமை. அதை ஒல்லாந்தன்ர காலத்திலை, 1707இலை, கிளாஸ் ஐசாக்ஸ் எண்ட ஒல்லாந்த அதிகாரி எழுதிக் குடுக்க, பன்ரண்டு முதலிமார் பாத்துச் சரியெண்டவை. அதிலை முதுசம் இருக்கு, சீதனம் இருக்கு, தேடியதேட்டம் இருக்கு. இரவிலை கதியால் பிடுங்கினதுக்கு ஒரு பேரும் இல்லை. பேந்து 1947இலை திருத்தம் வந்தது. கலியாணம் கட்டியிருக்கிற காலத்திலை பெறுமதி குடுத்து வாங்கினால்தான் தேடியதேட்டம். நீங்கள் என்ன பெறுமதி குடுத்தனீங்கள்?

மாஸ்டர்: வேலி அடைக்க வந்த பெடியனுக்கு ரெண்டு நாள் கூலி.

பூமணி: அந்தக் கூலியிலை பாதியை என்னட்டை வாங்கினியள்.

(யாழ்ப்பாணத்தில் வேலி வழக்கு இல்லாத காணியென்றால் அந்த உறுதியிலேயே ஏதோ பிழை என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. மாஸ்டர் அந்த ரகம். ஆனபடியால் தளரவில்லை.)

மாஸ்டர்: சரி, சட்டத்தை விடு. தமிழன்ர மரபுக்கு வா. மண்ணாசையிலை படையெடுத்துப் போறதுக்குத் தொல்காப்பியத்திலை ஒரு திணையே இருக்கு. வஞ்சி! குற்றமெண்டால் அதுக்குப் பூவின்ர பேர் வைப்பாங்களோ?

பூமணி: நீங்கள் வஞ்சிப் பூச் சூடியோ வந்தனீங்கள்?

மாஸ்டர்: தலையிலை துவாய் கட்டினனான்.

பூமணி: கோட்டையைக் காக்கிறவை என்ன பூச் சூடுவினம் மாஸ்டர்? தமிழ் ரீச்சர் வராத நாளிலை நீங்கள்தான் சொல்லித் தந்தனீங்கள்.

மாஸ்டர்: ...நொச்சி.

பூமணி: இஞ்சாலை என்ர பக்கம் எட்டிப் பாருங்கோ. வேலி ஓரம் முழுக்க என்ன நிக்குது?

மாஸ்டர்: அது நுளம்புக்கு நட்டதெண்டாய்.

பூமணி: நுளம்புக்கும் தான்.

மாஸ்டர்: பராந்தகச் சோழன் "மதுரையும் ஈழமும் கொண்ட" எண்டு கல்லிலையே வெட்டி வைச்சவன் பிள்ளை. ஆரும் கேள்வி கேட்டதோ?

பூமணி: அவன் கல்லிலை வெட்டி வைச்சான். நீங்கள் கல்லையே கிளப்பிப் போட்டியள். சேவையர் போட்ட எல்லைக்கல்லிலை மாமி உங்கடை சாரம் தோய்க்கிறா. ஒழுங்கையாலை போற சனத்துக்கெல்லாம் அந்தச் சத்தம் கேக்குது.

மாஸ்டர்: (குரலைத் தாழ்த்தி) அது நல்ல தட்டையான கல்லு. சரி, பெரிசா யோசிச்சுப் பார். 1619இலை போர்த்துக்கீசப் பறங்கி சங்கிலியன் எண்ட ராசான்ர யாழ்ப்பாணத்தைப் பிடிச்சான். 1658இலை ஒல்லாந்தன் பிடிச்சான். 1795இலை வெள்ளைக்காரன் பிடிச்சான். ஆரிட்டையாவது உறுதி கேட்டதோ?

பூமணி: நாட்டைப் பிடிச்சவை. சட்டத்தைப் பிடிக்கேல்லை. எங்கடை நொத்தாரிசு மத்தியானம் சாப்பிட்டால் உந்தக் கதையைத்தான் எடுப்பார். 1774இலை கிரெனடாத் தீவு வழக்கிலை மான்ஸ்பீல்ட் பிரபு தீர்ப்புச் சொன்னவராம்: பிடிச்ச நாட்டிலை, பிடிச்சவன் மாத்தும் மட்டும் பழைய சட்டம்தான் நடக்கும். வெள்ளைக்காரன் 1806இலை தேசவழமையை அப்பிடியே நடக்கட்டும் எண்டு விட்டது. ஒல்லாந்தன்ர உரோம-டச்சுச் சட்டமும் இஞ்சை இண்டைக்கும் இருக்கு. ஒல்லாந்திலை அது 1809இலையே போட்டுது. நெப்போலியன்ர சட்டம் அங்கை வந்திட்டுது.

மாஸ்டர்: அப்ப ஒல்லாந்தனை இஞ்சையிருந்து கலைச்சும் அவன்ர சட்டம் போகேல்லை. அவன்ர ஊரிலை அவன் இருக்கத்தக்கதாச் சட்டம் போட்டுது. இதிலை ஆர் ஆரை வெண்டது?

பூமணி: அதை நீங்கள் கதிரையிலை இருந்து யோசியுங்கோ. கதியாலை நான் நடுறன்.

மாஸ்டர்: விடமாட்டன்!

பூமணி: 1928இலை போரைக் கைவிடுறம் எண்டு பாரிசிலை கையெழுத்து வைச்சவை. 1945இலை ஐ.நா. சாசனம். இனி ஒரு நாடு இன்னொரு நாட்டை அடிச்சுப் பிடிச்சாலும் அந்த நிலம் அதுக்குச் சொந்தமாகாது. ஆர் என்னைக் கொண்டு திரும்பத் திரும்ப எழுதுவிச்சது? பிழை விட்டதுக்கு வாங்குக்கு மேலை ஏத்தினதும் நீங்கள்தான்.

மாஸ்டர்: (சிரித்து) அங்கைதான் பிள்ளை உன்னைப் பிடிச்சன். அது நாட்டுக்கு. வளவுக்கு 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கம். ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம்! பத்து வருசம் ஒருதரும் தடுக்காமல், இடையிலை முறியாமல் ஆண்டால் காணி எனக்கு. பெரிய பெரிய வல்லரசுக்கெல்லாம் இல்லாத வசதி இந்தக் கிழவனுக்கு இருக்கு. 2012இலை இருந்து எண்ணிப் பார். இதுக்கு முதல் 1994இலையும் ஒரு சாண்...

பூமணி: அந்தச் சாணை இதுக்குள்ளை கொண்டு வராதேங்கோ. 95 இடம்பெயர்வோடை நீங்களும் நானும் தென்மராட்சியிலை ஒரே பள்ளிக்கூடத்துத் தாவாரத்திலை எல்லோ படுத்துக் கிடந்தனாங்கள்? அப்ப அந்தச் சாணை ஆண்டது ஆர்?

மாஸ்டர்: ...ஆடு.

பூமணி: அந்த ஆட்டின்ர பேரிலை உறுதி எழுதுங்கோ. சண்டையாலை காணிக்குத் திரும்பேலாமல், வழக்கும் போடேலாமல் போனவைக்கு எண்டு 2016இலை 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரைக்கும் உள்ள காலத்தை அவைக்கு எதிரா எண்ணக் கூடாது.

மாஸ்டர்: சரி, சாணை விட்டிட்டன். ஒண்டரை முழம் சமாதான காலத்திலை பிடிச்சது. பத்து வருசம் எப்பவோ தாண்டியாச்சு. நீ தடுத்தியோ?

பூமணி: இல்லை.

மாஸ்டர்: வழக்குப் போட்டியோ?

பூமணி: இல்லை.

மாஸ்டர்: அப்ப முடிஞ்சுது கதை!

பூமணி: மாஸ்டர், ஒவ்வொரு வருசமும் பழக்காலத்திலை மாமி இந்த மரத்துப் பழத்தை ஒரு கடகம் நிறையக் கொண்டு வந்து தாறவ.

மாஸ்டர்: அது அயலட்டை எண்ட பாசம்.

பூமணி: பாசம்தான். ஆனா அந்தச் சட்டத்தின்ர மூண்டாம் பிரிவை நீங்கள் பாதியிலை விட்டிட்டியள். காணியை ஆளுறவன் மற்றவனுக்கு வாடகையோ விளைச்சலோ குடுத்து வந்தால், மற்றவன்ர உரித்தை ஏற்றுக்கொண்டதா எடுக்கலாம். பத்து வருசக் கணக்கு அதோடை முறியும்.

(மாஸ்டர் மரத்தை அண்ணாந்து பார்க்கிறார். மரம் காய்த்துக் குலுங்குகிறது.)

மாஸ்டர்: குடுத்ததுக்கு என்ன சாட்சி?

பூமணி: கொப்பியிலை திகதி போட்டு வைச்சிருக்கிறன். ஒவ்வொரு திகதிக்கும் நேரை மாமியின்ர கையெழுத்து.

மாஸ்டர்: அவள் ஏன் வைச்சவள்?

பூமணி: கடகம் திருப்பித் தந்ததுக்கு எண்டு சொன்னன்.

மாஸ்டர்: (அலவாங்கைக் கீழே போட்டு) நாட்டைப் பிடிச்சவங்கள் ஒருத்தனும் மனுசியாலை தோக்கேல்லை.

பூமணி: கோவியாதேங்கோ. வேலியைப் பழைய இடத்திலை போடுவம். மரம் என்ர பக்கம் வரும். பழத்தை நான் உங்களுக்குக் கடகத்திலை அனுப்புறன்.

மாஸ்டர்: வருசா வருசமோ?

பூமணி: வருசா வருசம்.

மாஸ்டர்: (கண் மினுங்க) அப்ப நீ எனக்கு விளைச்சல் தாறாய். நான் ஒரு கொப்பி வாங்கினால்...

பூமணி: சும்மா தரேல்லை. கிலோ திருநெல்வேலிச் சந்தையிலை என்ன விலையோ, அந்த விலை. வித்தால் அது விளைச்சல் இல்லை, வியாபாரம்.

மாஸ்டர்: காசுக்கோ? பிள்ளை, உதை மட்டும் மாமிக்குச் சொல்லிப்போடாதை. அவள் வந்து அதுக்கும் ஒரு கையெழுத்து வைச்சிடுவாள்.