யாருக்கு விருது என்பதோடு, ஏன் என்றும் சொல்லுங்கள்

விமர்சகர் சங்கங்கள் வருடா வருடம் கொடுக்கும் சினிமா விருதுகள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. வசூல் பார்க்காமல், மேடைக்கு எந்த நடிகர் வருவார் என்று பார்க்காமல், படம் பார்ப்பதையே வேலையாக வைத்திருப்பவர்கள் கூடி முடிவு செய்கிற விருது அது. அதனால்தான் அது வெறும் பெயர்ப் பட்டியலாக வரும்போது மனசு ஆறுவதில்லை.

போன வருடம் எங்கள் சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஒரு தியேட்டரில் சின்னப் படம் ஒன்று காலைக் காட்சி மட்டும் ஓடியது. ஒரு ஆற்றங்கரைக் காட்சியில் பின்னணி இசையே கிடையாது, பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தத்திலேயே அந்தப் பெண்ணின் கோபம் முழுக்கப் புரிந்தது. மூன்றாம் நாள் போனால், அதன் போஸ்டர் மேல் வேறு படத்தின் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள், பசை கூடக் காயவில்லை. இப்படிப்பட்ட படத்தைக் கைதூக்கிவிட விமர்சகர்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அவர்களால் முடியும். 1985இல் இயக்குநர் டெரி கில்லியமின் ‘பிரேசில்’ படத்தை வெட்டச் சொல்லித் தகராறு செய்து, அமெரிக்காவில் வெளியிடாமல் இழுத்தடித்தது ஸ்டுடியோ. லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர் சங்கம் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை மூன்றையும் அதற்கே கொடுத்தது. சில நாட்களில் படம் தியேட்டருக்கு வந்துவிட்டது. அதே அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய தேசிய விமர்சகர் சங்கத்தில் ஒவ்வொருவரும் மூன்று பெயர் எழுதி 3, 2, 1 என்று புள்ளி போடுவார்கள். யாருக்கு எத்தனை புள்ளி, இரண்டாவது வந்தது யார் என்பதெல்லாம் வெளியே வரும்.

நம்ம ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வளைவு இன்னும் நிற்கிறது. மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’, 1938இல் வந்தது, இவர்கள் தயாரித்ததுதான். அந்த மலையாளத்தில் 1977 முதல் விமர்சகர் சங்க விருது உண்டு. படம் எடுத்துக் கொடுத்த ஊர்க்காரன் என்ற உரிமையில் கேட்கிறேன்: தமிழிலும் விருதை அந்த அக்கறையோடு கொடுங்கள்.

சங்கத்துக்காரர்களே, பட்டியலோடு ஓட்டுக் கணக்கையும் போடுங்கள். ஒவ்வொரு விருதுக்கும் நாலு வரி காரணம் எழுதுங்கள். ஒலி, படத்தொகுப்புக்கு இன்னும் இரண்டு வரி கூடவே எழுதலாம், அதைச் சொல்லித்தர எங்களுக்கு வேறு ஆளில்லை. சரி, எங்களுக்குப் பிடித்த படத்தைத் தள்ளிவிட்டீர்கள் என்றால் சண்டைக்கு வருவோம். வரட்டும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவோம்.