பப் கிரால் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தம்பி முதல்முறையாகத் தனியாக வெளிநாடு போகிறான். செக் நாட்டின் தலைநகரான ப்ராக் நகரத்துக்கு. நேற்று மதியம் சாப்பிடும்போது தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அக்கா, அங்க பப் கிரால்னு கூட்டிட்டுப் போறாங்களாமே, சேரலாமா? எனக்கு அங்க யாரையும் தெரியாது."

அங்கே இரண்டு வார்த்தைதான் சொல்ல முடிந்தது. இது விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால் இங்கே எழுதுகிறேன். நான் ப்ராக்கில் இரண்டு முறை பப் கிரால் போயிருக்கிறேன், நான்கு வருட இடைவெளியில். முதல் முறை போனதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இரண்டாம் முறை போன மாலை, நான் பயணம் செய்த எல்லா ஊர்களிலும் சேர்த்து என் மனதுக்கு மிக நெருக்கமான மாலைகளில் ஒன்று. பெயர் என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு வழிகாட்டி, அவர் பின்னால் ஒரு கூட்டம், ஒரே இரவில் மூன்று நான்கு பப்புகள். பணத்தை முன்னாலேயே கட்டிவிட வேண்டும். தனியாகப் பயணம் செய்கிறவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இது பெரிய வசதி. தெரியாத ஊரில் ராத்திரி தனியாக ஒரு பப்புக்குள் நுழைய எல்லோருக்கும் தைரியம் வராது. கூட ஆள் இருந்தால் வரும். அந்த ஆசையில் எந்தத் தப்பும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2019 கோடையில் நான் சேர்ந்தது பழைய நகரச் சதுக்கத்தில் புறப்பட்ட ஒரு பெரிய கூட்டம். எப்படியும் நாற்பது பேர் இருப்போம். கையில் வண்ணப் பட்டை கட்டிவிட்டார்கள். முதல் இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்பது பேச்சு. அந்த ஒரு மணி நேரமும் வழிகாட்டி நேரத்தைக் கூவிக்கொண்டே இருந்தார்: இன்னும் முப்பது நிமிடம், இன்னும் பத்து நிமிடம். மனிதர்கள் தாகத்துக்குக் குடிக்கவில்லை, ருசிக்கும் குடிக்கவில்லை, கட்டிய பணம் வீணாகிவிடக் கூடாதே என்று குடித்தார்கள். எந்த பப், எந்தத் தெரு, அந்தக் கட்டடம் என்ன என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்றாவது இடத்துக்கு நடக்கும்போது எங்களோடு வந்த ஒரு பெண் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இருபது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. வாந்தி எடுத்தாள், எழுந்திருக்க முடியவில்லை. வழிகாட்டியைக் கூப்பிட்டோம். அவர் வந்து பார்த்து, "நான் கூட்டத்தைக் கூட்டிப் போக வேண்டும், நீங்கள் அப்புறம் வந்து சேருங்கள்" என்று முகவரியைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் இன்னொரு பெண்ணும் மட்டும் அவள் பக்கத்தில் நின்றோம். அவள் தலைமுடியை நான் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது மேலே முதல் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. இரவு உடையில் ஒரு வயதான அம்மா. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. எங்களை ஒரு முறை பார்த்தார், தரையைப் பார்த்தார், ஜன்னலைச் சாத்திக்கொண்டார். தினமும் நடப்பதைப் பார்க்கும் பார்வை அது. காலையில் அவர் அந்தப் படியில் இறங்கித்தானே ரொட்டி வாங்கப் போக வேண்டும்?

அந்தப் பெண்ணை அவளுடைய விடுதியில் சேர்த்துவிட்டு வந்தபோது மணி இரண்டு. கூட்டத்தோடு போனால் பாதுகாப்பு என்று நம்பித்தான் சேர்ந்தேன். அந்தக் கூட்டத்தில் யாருக்கும் யாரும் பொறுப்பில்லை.

2024 அக்டோபரில் ப்ராக் நகர நிர்வாகம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வழிகாட்டியோடு கூட்டமாகப் போகும் பப் கிரால்களைத் தடை செய்தது. செய்தியைப் படித்ததும் எனக்கு அந்த ஜன்னல்தான் நினைவுக்கு வந்தது. செக் நாட்டில் சட்டப்படி இரவு அமைதி நேரமும் அதே 10 முதல் 6 வரைதான். குடிக்க மட்டும் வருகிறவர்களை அல்ல, ஊரைப் பார்க்க வருகிறவர்களையே எதிர்பார்க்கிறோம் என்பது நகரத்தின் நிலை. தனியாகவோ நண்பர்களோடோ பப்புக்குப் போக எந்தத் தடையும் இல்லை. ராத்திரி கும்பல் சேர்த்துக் கூட்டிப் போகும் வியாபாரத்துக்குத்தான் தடை. ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் மகலூஃப் போன்ற இடங்களில் 2020லேயே பப் கிராலை நிறுத்திவிட்டார்கள்.

"குடிக்கிறவன் எப்படியும் குடிக்கத்தான் செய்வான், தடையால் என்ன பயன்?" என்று கேட்கிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நான்கு நண்பர்கள் போனால், ஒருவன் தள்ளாடினால் மற்ற மூவர் நிறுத்துவார்கள். முன்பின் தெரியாத நாற்பது பேரைச் சேர்த்து, முன்பணம் வாங்கி, அளவில்லை என்று சொல்லி, கடிகாரத்தையும் காட்டினால், நிறுத்த அங்கே யார் இருக்கிறார்கள்? கூவுகிற ஆளுக்கு அடுத்த கடைக்கு நேரமாகிறது. அளவில்லாமல் ஊற்றுகிறவர் தன் கையிலிருந்து நஷ்டப்படப் போவதும் இல்லை, மலிவானதைத்தான் ஊற்றுவார்.

மலிவான மது என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 2012 செப்டம்பரில் செக் நாட்டில் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் கலந்த போலி மது பரவியது. அரசாங்கம் 20 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எல்லா மதுவின் விற்பனையையும் நாடு முழுவதும் சில நாட்கள் நிறுத்தி வைத்தது. 40 பேருக்கும் மேல் இறந்தார்கள், சிலருக்குக் கண்பார்வை போனது. மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும், அதுதான் கண் நரம்பைத் தாக்குகிறது. நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் தம்பி, எந்த நாடாக இருந்தாலும் பாட்டில் கண்ணில் படாமல், பெயர் சொல்லாமல், இலவசம் என்று சின்ன கிளாஸில் நீட்டுவதை வாங்காதே. இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

சரி, இரண்டாம் முறைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

2023 இலையுதிர்காலம். மறுபடியும் தனியாகத்தான் போயிருந்தேன். இந்த முறை தேடித் தேடி ஆறே பேர் கொண்ட ஒரு நடையில் சேர்ந்தேன். மாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும் என்று போட்டிருந்தார்கள். வழிகாட்டி ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. வந்ததும் முதல் கேள்வியே, "எல்லோரும் ஏதாவது சாப்பிட்டீர்களா?" அடுத்தது, யார் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். எங்களில் ஒருவர் குடிப்பதில்லை என்றார். "நல்லது, உங்களுக்குக் கோஃபோலா" என்றார் வழிகாட்டி. 1960இல் அந்த நாட்டிலேயே உருவாக்கிய கோலா பானம் அது, பல பப்புகளில் பீர் போலவே குழாயில் பிடித்துத் தருவார்கள். நான்கு மணி நேரமும் அந்தக் குடிக்காதவர் கோஃபோலா கிளாஸோடுதான் எங்களோடு உட்கார்ந்திருந்தார். ஏன் குடிக்கவில்லை என்று யாரும் துளைக்கவில்லை.

முதல் இடம் பழைய நகரத்தில் ஒரு நிலவறை. வளைந்த கல் கூரை, தலை இடிக்கும். "நீங்கள் பாதாளத்துக்கு இறங்கவில்லை, பழைய தெருவில் நிற்கிறீர்கள்" என்றார் வழிகாட்டி. வல்டாவா ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து 13ஆம் நூற்றாண்டில் தெருவின் மட்டத்தையே உயர்த்தியிருக்கிறார்கள். அன்றைய தரைத்தளம் இன்றைக்கு நிலவறை. அதைக் கேட்டபின் அந்தச் சுவரில் கையை வைத்தேன். குளிர்ச்சியாக, கொஞ்சம் ஈரமாக இருந்தது.

பீரைப் பற்றி அவர் சொன்னது எல்லாமே பயன்பட்டது. பலகையில் 10, 12 என்று எழுதியிருப்பது ஆல்கஹால் சதவீதம் இல்லை. நொதிப்பதற்கு முன் அதிலிருந்த மால்ட் (முளைகட்டிய பார்லி) சர்க்கரையின் அளவைக் காட்டும் எண் அது. 10 என்றால் கிட்டத்தட்ட 4 சதவீதம், 12 என்றால் கிட்டத்தட்ட 5. நுரையைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசினார். நுரை குறைவாக இருந்தால் நமக்கு லாபம் என்றுதானே நினைப்போம்? அங்கே நுரைதான் பீருக்கு மூடி, காற்றுப் படாமல் காப்பது அது. மூன்று விரல் நுரையோடு ஊற்றுவது ஹ்லாடிங்கா. கிளாஸ் முழுக்க ஈரமான நுரையாகவே வருவது ம்லீகோ, அந்த மொழியில் பால் என்று அர்த்தம். ஊற்றுகிறவருக்கு வீசெப்னீ என்று தனிப் பெயரே உண்டு, அது ஒரு தொழில், மரியாதையான தொழில். உலகத்திலேயே தலைக்கு அதிகமாக பீர் குடிக்கும் நாடு, ஆண்டுக்கு ஆளுக்கு 120 லிட்டருக்கும் மேல். அந்த நாட்டில் ஊற்றுவதற்கு இத்தனை கவனம். முதல் முறை நான் பார்த்ததோ பிளாஸ்டிக் தம்ளர்.

ஹூசோவா தெருவில் தங்கப் புலி என்ற பெயருடைய பப்பின் வாசலில் நின்றோம். 1994 ஜனவரியில் அமெரிக்க அதிபர் கிளிண்டனை செக் அதிபர் வாட்ஸ்லாவ் ஹவேல் அழைத்து வந்த இடம். எழுத்தாளர் போஹுமில் ஹ்ராபல் வழக்கமாக உட்காரும் கடை அது, அன்றைக்கும் அவர் அங்கே இருந்தார். கதையைச் சொல்லி முடித்ததும் உள்ளே போவோம் என்று நினைத்தோம். வழிகாட்டி தலையை ஆட்டினார். "உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் இந்தத் தெருக்காரர்கள். ஆறு பேராகப் போய் அவர்கள் இடத்தைப் பிடிக்கக் கூடாது. நாளைக்கு நீங்கள் ஒருவராக வாருங்கள்." அந்த ஒரு பேச்சில் அவர்மேல் எனக்கு மதிப்பு கூடிவிட்டது.

அப்புறம் டிராமில் ஏறி ஜிஷ்கோவ் பகுதிக்குப் போனோம். உழைக்கும் மக்கள் வாழ்ந்த பகுதி, தெருவுக்குத் தெரு பப். நாங்கள் போன கடையில் காலி மேசை இல்லை. ஒரு நீள மேசையில் ஒரு பெரியவர் மட்டும், காலடியில் ஒரு நாய். வழிகாட்டி என்னைப் பார்த்து, "நீங்கள் கேளுங்கள்" என்றார். வழியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்: "யே து வோல்னோ?" இங்கே இடம் காலியா? கேட்காமல் உட்காரக் கூடாது, கேட்டால் யாரும் மறுப்பதும் அபூர்வம். கேட்டேன். பெரியவர் என்னைப் பார்த்தார், நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்து லேசாக இழுத்து இடம் விட்டார்.

உட்கார்ந்ததும் ஒரு துண்டுக் காகிதம் மேசைக்கு வந்தது. லிஸ்டெக் என்கிறார்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் பரிமாறுகிறவர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார், கடைசியில் கோட்டை எண்ணிக் காசு. கிளாஸ் காலியானால் கேட்காமலே அடுத்தது வந்துவிடும். போதும் என்றால் கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்து கிளாஸின்மேல் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான், விளக்கம் தேவையில்லை. இரண்டாவது கோட்டுக்குப் பிறகு நான் அட்டையை வைத்தேன். பெரியவர் என் காகிதத்தை எட்டிப் பார்த்தார், தன்னுடையதைப் பக்கத்தில் நகர்த்திக் காட்டினார். ஏழு கோடு. வழிகாட்டியின் மொழிபெயர்ப்பில் அரை மணி நேரம் பேசினோம், பெரும்பாலும் நாயைப் பற்றி. அதற்குப் பதின்மூன்று வயதாம். கிளாஸை மோதும்போது கண்ணைப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் என்னைத் திருத்தினார். "நஸ்த்ராவீ" என்றால் உன் உடல்நலத்துக்கு என்று பொருள்.

முடிந்ததும் வழிகாட்டி எங்களை டிராம் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டார். நோட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் எந்த எண் என்று சொன்னார். ஒருவேளை பின்னால் தாமதமானாலும் பயப்பட வேண்டாம், நடுராத்திரி வாக்கில் மெட்ரோ நின்ற பிறகும் இரவு டிராம் ஓடும், எல்லாம் லாஸார்ஸ்கா நிறுத்தத்தில் வந்து சேரும் என்றார். என் வண்டி வரும்வரை நின்றார்.

ஆகவே தம்பி, தாராளமாகச் சேரு. பணம் கட்டுவதற்கு முன் எத்தனை பேர் என்று கேள். பத்துக்கு மேல் என்றால் யோசி. எத்தனை மணிக்கு முடியும், நடுவில் சாப்பாடு உண்டா, யாருக்காவது முடியாமல் போனால் கூட யார் நிற்பார் என்று கேள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே அந்த ஆள் யார் என்று தெரிந்துவிடும். அளவில்லாமல் என்ற வார்த்தை விளம்பரத்தில் இருந்தால் அப்படியே மூடிவிடு. பணத்தையும் பாஸ்போர்ட்டையும் அறையிலேயே வைத்துவிட்டு, அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துப் போ. உன் கிளாஸ் உன் கண் பார்வையில் இருக்கட்டும், இது ஆண்களுக்கும் சேர்த்துத்தான். வண்டி ஓட்டுவதாக இருந்தால் ஒரு வாய்கூடக் கூடாது, அந்த நாட்டில் ஓட்டுநருக்கு அனுமதி அளவு பூஜ்யம். குடிக்க மனமில்லையா, கோஃபோலா சொல்லிவிட்டு உட்கார். ஒன்பதரைக்கு மேல் தெருவில் குரலைத் தணித்துப் பேசு, மேலே யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

இதையெல்லாம் சுருக்கி இன்று காலை அவனுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது. மூன்று முறை "யே து வோல்னோ" என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். மூன்றாவது சரியாக வந்திருக்கிறது.