யாருக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது?

ஒரு ஸ்டார்ட்அப்பில் கல்ச்சர் எப்படி என்று தெரிந்துகொள்ள, அதன் நிறுவனர் லிங்க்ட்இன்னில் என்ன எழுதுகிறார் என்று பார்ப்பவர்கள்தான் அதிகம். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அங்கே யாருக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது?

நான் வேலை பார்ப்பது சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில். பெயர் வேண்டாம். சேர்ந்த புதிதில் எல்லோரும் ஒரே தளத்தில் உட்கார்ந்திருந்தோம். டீ எடுக்கப் போகிற வழியில் நிறுவனர் நின்று, கஸ்டமர் என்ன சொன்னார் என்று கேட்பார். ஏதாவது தப்பு நடந்தால் அவரிடமே சொல்லிவிடலாம். அப்புறம் ஃபண்டிங் வந்தது, ஆட்கள் குவிந்தார்கள். திடீரென்று நிறைய மேனேஜர்கள் தேவைப்பட, நேற்றுவரை நன்றாகக் கோட் எழுதியவர்களையே அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஆட்களை நடத்துவது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. பாவம், அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

அதைக்கூட விட்டுவிடலாம். ராத்திரி 11 மணிக்கு ஸ்லாக் என்கிற ஆபீஸ் சாட்டில் எல்லோர் முன்னாலும் ஆளைத் திட்டுகிற ஒருவர் இருந்தார். அவர் டீமில் யாரும் நிலைக்கவில்லை. போனவர்கள் எக்ஸிட் இன்டர்வியூவில் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஆனால் காலாண்டு டார்கெட்டை மட்டும் அவர் தவறவிட்டதே இல்லை. அந்த அப்ரைசலில் டைரக்டர் ஆனார். அதே வாரம் டவுன்ஹாலில், அதாவது நிறுவனத்தில் எல்லோரும் கூடும் கூட்டத்தில், 'ஒருவரை ஒருவர் மதிப்போம்' என்று ஸ்லைடு ஓடியது. மற்ற லீட்களுக்கு ஸ்லைடைவிட அந்தப் பதவி உயர்வுதான் தெளிவாகப் புரிந்தது. அதுவரை பொறுமையாகப் பேசியவர்களும் குரலை உயர்த்த ஆரம்பித்தார்கள்.

நிறுவனர் கெட்டவர் இல்லை. இன்றும் லிஃப்டில் பார்த்தால் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிப்பார். ஆனால் இப்போது அவர் காதுக்குப் போவது டேஷ்போர்டில் இருப்பது மட்டும்தான். யார் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள் என்பதற்கு அதில் இடம் கிடையாது.

சரி, ஏன் பொறுத்துப் போகிறோம்? இசாப், அதாவது ஊழியர்களுக்குக் கிடைக்கும் நிறுவனப் பங்கு. சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது, ஊழியர்களில் 500-க்கும் மேற்பட்டவர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்றார் அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம். நியாயமான சந்தோஷம். அன்றிலிருந்து ஓஎம்ஆர் முழுக்க அந்தக் கனவுதான். வழக்கமாக நாலு வருஷ வெஸ்டிங், அதாவது பங்கு கொஞ்சம் கொஞ்சமாக நமக்குச் சொந்தமாகிற காலம். முதல் வருஷம் முடியுமுன் கிளம்பினால் ஒன்றுமில்லை. அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களையும் நிர்வாகம் விசுவாசிகள் என்று கணக்கெழுதிக்கொள்கிறது. ஆனால் பங்கு கையில் இருந்தால் வேலை நிச்சயம் என்று அர்த்தமில்லை. 2024 நவம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸே சுமார் 660 பேரை, அதாவது 13 சதவீதம் பேரை, அனுப்பப் போவதாகச் சொன்னது. கூடவே 40 கோடி டாலர் வரை தன் பங்குகளைத் திரும்ப வாங்கும் திட்டத்தையும் அறிவித்தது. சட்டப்படி தப்பே இல்லை. முதலில் யாருக்குக் கணக்குப் பார்ப்பார்கள் என்பது மட்டும் அதில் தெரிந்துவிட்டது.

இன்டர்வியூ முடிவில் 'ஏதாவது கேட்கணுமா?' என்பார்கள். போன வருஷம் பதவி உயர்வு பெற்ற மேனேஜரின் டீமில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வழவழவென்று வந்தால், ஆஃபர் லெட்டரில் இசாப் வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுங்கள்.