வள்ளுவர் வந்து வகுப்பை அடக்குவாரா?

மொரீஷியஸ் ஆசிரியர்களுக்கான சனிக்கிழமைப் பயிலரங்கில், பழைய அறநூல்களைப் பற்றிப் பேச நான் கேட்ட நேரத்துக்கு என்ன நடந்தது என்பது இங்கே பெரும்பாலோருக்குத் தெரியும். அன்று மாலையே ஆளுக்கொரு விதமாக எழுதியும் விட்டீர்கள். ஆகையால் முழுக் கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. "முப்பது பிள்ளைகள் கூச்சல் போடும்போது வள்ளுவரா வந்து அடக்குவார்?" என்று அங்கே ஒரு பேச்சாளர் கேட்டதும், அரங்கமே சிரித்ததும், சிரித்தவர்களில் தமிழாசிரியர்களும் இருந்ததும்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் கேட்டது முக்கால் மணி நேரம். பழைய அறநூல்கள் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கு என்ன தருகின்றன என்பதைப் பற்றி, மேடைப் பேச்சாக இல்லாமல், உட்கார்ந்து பேசலாம் என்று கேட்டிருந்தேன். அதை அடித்துவிட்டு, வருகைப் பதிவுக்கான புதிய செயலியை விளக்கும் அமர்வை வைத்தார்கள். இணையம் வேலை செய்யாததால் அதுவும் நடக்கவில்லை என்பது தனிக் கதை.

வள்ளுவர் வந்து பிள்ளைகளை அடக்க வேண்டியதில்லை. அவர் அடக்கச் சொன்னது ஆசிரியரை. "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்" என்கிறார். ஆய்வாளர் முன்னாலும் தலைமையாசிரியர் முன்னாலும் நாம் எல்லோரும் பொறுமைசாலிகள்தாம். அங்கே நம் கோபம் செல்லாது என்பதால் அந்தப் பொறுமைக்கு வள்ளுவர் மதிப்பெண் போடுவதில்லை. காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். கதவைச் சாத்திய வகுப்பறையில், திருப்பிப் பேச முடியாத பத்து வயதுப் பிள்ளையின் முன்னால் நம் கோபம் தடையில்லாமல் செல்லும். அங்கே காப்பவன்தான் காப்பவன். மொரீஷியஸில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நாக்கால் அடிப்பதை மூடிய கதவுக்குள் எந்தச் சட்டம் வந்து தடுக்கும்? நாள் முழுவதும் நம்மோடு வகுப்பில் இருப்பது நம் குணம் மட்டுமே. அந்தக் குணத்தைப் பற்றிப் பேச ஒரு பயிலரங்கில் இடமில்லை என்கிறார்கள்.

"இது தமிழர் பெருமை பேசும் வேலை, பல மதத்து ஆசிரியர்களும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எதற்கு?" என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, ரோமாபுரிக்குப் போவோம். 1-ஆம் நூற்றாண்டில் செனெக்கா என்ற ரோமானியத் தத்துவஞானி கோபத்தைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். அதில் சாக்ரட்டீஸ் தம் அடிமையிடம், "எனக்குக் கோபம் வந்திராவிட்டால் உன்னை அடித்திருப்பேன்" என்கிறார். கோபத்துக்குப் பெரிய மருந்து தாமதம் என்கிறார் செனெக்கா. அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் அரிஸ்டாட்டில், கோபப்படுவது யாருக்கும் எளிது, உரியவர்மீது, உரிய அளவில், உரிய நேரத்தில், உரிய முறையில் கோபப்படுவதுதான் எளிதல்ல என்று எழுதிவைத்தார். இதைவிட நடைமுறையான வகுப்பறைக் குறிப்பை எந்தச் சுற்றறிக்கையில் பார்த்திருக்கிறீர்கள்?

"செனெக்கா பாடம் சொல்லிக்கொடுத்த பையன்தானே நீரோ?" என்று உடனே கேட்பீர்கள். ஆமாம், கொடுங்கோல் பேரரசன் என்று பெயரெடுத்த அதே நீரோதான். ஒரு மாணவன் கெட்டுப்போனதற்காக ஆசிரியரின் நூலைத் தள்ளிவைப்பதென்றால், நம்மில் யார் சொல்லிக்கொடுத்தது மிஞ்சும்?

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுப்பாடத்தைப் பக்கத்துப் பையனின் குறிப்பேட்டைப் பார்த்து அப்படியே எழுதிவந்தான். அப்படியே என்றால், முதல் வரியில் இருந்த அந்தப் பையனின் பெயரையும் சேர்த்து. ஓர் எழுத்தில் கொம்பை மாற்றிப் போட்டிருந்தான், அந்தப் பிழைகூட அந்தக் குறிப்பேட்டிலிருந்து வந்ததுதான். முன்வரிசைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். நானும் ஒரு வார்த்தை கிண்டலாகச் சொன்னால் வகுப்பு என் கையில், பையன் தரையில். தாயார் கிராண்ட் பே பக்கம் ஓட்டலில் இரவு வேலை பார்ப்பவர், வீட்டில் தமிழ் எழுத்து தெரிந்தவர் யாருமில்லை, வீட்டு மொழி கிரியோல். இதையெல்லாம் நினைத்துப் பார்க்க எனக்குக் கிடைத்தது அவன் முகம் சிவப்பதற்குள் இருந்த நேரம்தான். குறிப்பேட்டை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, "இதை இடைவேளையில் பார்ப்போம்" என்றேன். அந்த நேரத்தில் கைகொடுத்தது செயலியா, தாமதம் என்ற பழைய மருந்தா?

எதிர்ப்புகள் இன்னும் உண்டு. நன்னூல் என்ற பழைய இலக்கண நூலைச் சொன்னால், அதிலுள்ள ஆசிரியர் இலக்கணமே "குலன்", அதாவது உயர்ந்த பிறப்பு, என்றுதானே தொடங்குகிறது என்பார்கள். தொடங்குகிறது; அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை, யாரும் ஏற்க வேண்டாம். அரிஸ்டாட்டில் அடிமை முறையை ஆதரித்தவர்தான். எந்தப் பல்கலைக்கழகமும் அவரை வெளியே அனுப்பவில்லை. கடை மாணாக்கரை எருமை என்று சொன்னதும் நன்னூல்தானே என்பார்கள். ஆமாம், சொல்கிறது. ஆனால் அதே நூல் ஆசிரியர் ஆகத் தகாதவரையும் நான்கு உவமைகளில் நிறுத்திவைத்திருப்பதை ஏன் ஒருவரும் எடுத்துச் சொல்வதில்லை? கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. கழற்காய்களைப் போட்ட முறைப்படி தராமல் மொத்தமாகக் கொட்டும் குடம் முதலாவது. தானாக விழுந்தால் உண்டு, நெருங்கி எடுக்க விடாத பனை அடுத்தது. பருத்தி அடைத்த குண்டிகை, அதாவது குடுக்கை, வாங்கியதை எளிதில் பிறருக்குத் தராது. கடைசியது, நீர் ஊற்றி வளர்த்தவன் தோட்டத்தில் நின்றுகொண்டு வேலிக்கு அப்பால் காய் போடும் வளைந்த தென்னை.

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய அந்தத் தென்னையை நம் தீவில் தேடிப் போக வேண்டியதில்லை. பிற்பகலில் கார் நிறுத்தும் காராஜ் கதவு திறந்திருக்கும் வீடுகளைப் பாருங்கள். சம்பளம் கொடுப்பது பள்ளி, காய் விழுவது லெசோனில், காசு வாங்கி நடத்தும் தனி வகுப்பில். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான சி.பி.இ. போய் 2017-இல் பி.எஸ்.ஏ.சி. வந்த பிறகும் காராஜ் கதவு மூடவில்லை. லெசோன் நடத்தும் எல்லோரையும் சொல்லவில்லை என்று இங்கே சேர்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கு உறவினரே மிஞ்ச மாட்டார்கள். ஆனால் காலையில் பாதிப் பாடத்தோடு நிறுத்தி, மீதியை லெசோனுக்கு வைத்திருப்பவர் நம்மிடையே இல்லை என்று யாராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும். இதைப் பேசத்தான் அந்த முக்கால் மணி நேரத்தைக் கேட்டேன். சிலருக்குச் சிரிப்பு வந்ததன் காரணம் இப்போது புரிகிறது.

இளைய ஆசிரியர் ஒருவர் எனக்கு மரியாதையாகவே எழுதியிருந்தார்: "எங்களுக்கு வேண்டியது வகுப்பைக் கையாளும் உத்திகள், தத்துவம் அல்ல." தம்பி, உத்திகளை நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. எந்த உத்தியை எந்தப் பிள்ளையிடம், எந்த நேரத்தில் எடுப்பது என்று எந்த உத்தியும் சொல்லாது. அதற்கு வேண்டிய பகுத்தறிவு அனுபவத்தில்தான் வரும், கணிதம்போல இளமையிலேயே வந்துவிடாது என்கிறார் அரிஸ்டாட்டில். நீங்கள் திறமையில் குறைந்தவர் என்பதல்ல இதன் பொருள். பழகப் பழக வருவதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம் என்பதுதான்.

தைப்பூசத்தில் மைக்கைக் கொடுத்துக் குறள் சொல்லச் சொல்வதற்கு மட்டும் தமிழாசிரியர் வேண்டும். தமக்கென்று ஓர் அறை இல்லாமல் சாக்குக்கட்டியோடு வகுப்பு மாறி வகுப்பு நடக்கிறவர், தேர்வு நெருங்கினால் பாடவேளையைக் கணக்குக்குக் கடன் கொடுக்கிறவர், அதே குறளை ஆசிரியர்கள் முன்னால் வைத்தால் மட்டும் நகைச்சுவையாகிவிடுகிறார்.

"கோபத்தை அடக்கு என்று சொல்லிவிட்டு நீங்களே இவ்வளவு கோபப்படுகிறீர்களே?" என்றும் கேட்பீர்கள். வள்ளுவர் செல்லாத இடத்துச் சினத்தையும் தீது என்றுதான் சொல்கிறார், அவரை நான் துணைக்குக் கூப்பிட முடியாது. ஆனால் கோபப்பட வேண்டியதற்குக் கோபப்படாதவனை மூடன் என்று எண்ணுவார்கள் என்கிறார் அரிஸ்டாட்டில். இந்த ஓர் இடத்தில் நான் அவர் பக்கம். அமைப்பாளர்களுக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். அடுத்த பயிலரங்கில் அதே முக்கால் மணி நேரம், காலையில், இணையம் தேவைப்படாத ஓர் அறையில்.