19 ரேஸில் 16தான்

2014 ஃபோர்முலா 1 கார் பந்தயத்தில் மெர்சிடிஸ் அணியின் டபிள்யூ05 ஹைபிரிட் கார் எல்லா ரேஸையும் வென்றதாக ஒருவர் எழுதியிருக்கிறார். சின்னத் திருத்தம்: 19இல் 16தான். கனடா, ஹங்கேரி, பெல்ஜியம் மூன்றும் ரெட் புல் அணி ஓட்டுநர் டானியல் ரிக்கார்டோவுக்குப் போனவை.

கனடாவில் இரண்டு மெர்சிடிஸ் கார்களிலும் எம்ஜியூ-கே (பிரேக் போடும்போது மின்சாரம் எடுத்து, பிறகு அதைக்கொண்டு காரை உந்தும் மின் மோட்டார்) செயலிழந்தது. 120 கிலோவாட் வலு போனது ஒரு பக்கம். பின்சில்லுகளின் வேகத்தை மின்சாரமாக்கும் வேலையும் நின்றதால், முழுச் சுமையும் பின் பிரேக்கில் விழுந்து சூடேறியது. மெர்சிடிஸின் இரு ஓட்டுநர்களில் ஹமில்டன் பிரேக் போய் விலகினார். ரொஸ்பெர்க் சமாளித்து 2ஆம் இடம். (கொழும்பில் அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது, பாதிப்பேர் நித்திரை போல!)

ஃபோர்முலா 1 அதிகாரபூர்வத் தளத்தின் முடிவுகள் பகுதியில் 2014ஐத் தெரிவுசெய்து, வெற்றியாளருக்குப் பக்கத்தில் உள்ள அணிப் பெயர்களை எண்ணிப் பாருங்கள்: மெர்சிடிஸ் 16, ரெட் புல் 3.